துப்பாக்கிக் குழலின் சூடு

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் என் வீட்டுக்காரருக்குப் பெருவியாதி என்பது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் எனக்கும். மூன்றாவது ஆள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். தாராவியில் எங்கள் சந்திலேயே அதற்கு முந்திய வருஷம் ஒரு பொம்பளைக்கு அப்படி வெளியே தெரிந்துவிட்டது. குழாயடிப் பக்கம் அவளை வரவிடவில்லை. ஒரு வாரத்துக்குள் முனிசிபாலிட்டி வண்டி வந்து வடாலாப் பக்கத்தில் குஷ்டரோகிகளை வைத்திருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது. அவள் போன கையோடு சந்துக்காரர்கள் அவளுடைய அடுப்பை உடைத்துச் சாக்கடையில் போட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

எனக்கு அவர் மச்சான் முறை. என் வாப்பாவின் அக்கா மகன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் என்னைக் கட்டிக் கூட்டிவந்தார். அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாரும் தோல் பதனிடுகிற வேலைக்குப் போக, இவர் மட்டும் இரும்பு வேலைக்குப் போனார். சண்டைக் காலத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சண்டை நின்றதும் தற்காலிக ஆட்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், இவரையும் அனுப்பினார்கள். காலால் மிதிக்கிற பழைய லேத் ஒன்றைப் பிடித்து, எங்கள் ஒற்றை அறையின் முன்பாதியைப் பட்டறையாக்கிக்கொண்டார். நடுவில் ஒரு சாக்குத் திரை. திரைக்குப் பின்னால் என் அடுப்பும் நானும். தையல் மிஷின், பூட்டு, ஸ்டவ் என்று எது வந்தாலும் ரிப்பேர் பார்த்தார்.

தேமல் மாதிரி ஒன்று முழங்கையில் வந்தது. பிறகு முதுகில். அதைவிட மோசம், வலது கைச் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் செத்துப்போயின. பார்த்தால் நல்ல விரல்தான், தொட்டால் தெரியாது. கொஞ்ச நாளில் உள்ளங்கையும் அப்படியே. பைகுல்லாவில் ஒரு ஹக்கீம் நீரடிமுத்து எண்ணெய் கொடுத்தார். அதைத் தடவினால் வீடே நாறும். பக்கத்து வீட்டுக்காரி என்ன வாடை என்று கேட்டதற்கு மூட்டுவலித் தைலம் என்று புளுகினேன். தாராவி வாடைக்குள் இது ஒரு வாடையா என்று அவளும் போய்விட்டாள்.

இந்த நிலையில்தான் மாட்டுங்காவிலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். பாலக்காட்டு ஐயர். சண்டைக் காலத்தில் இவருக்கு மேலே இருந்த சூப்பர்வைசர். “இவன் கையிலே கண் இருக்கு” என்று ஒருநாள் பத்துப் பேர் முன்னால் இவரைச் சொன்னவர். அந்த ஒரு வார்த்தையை இவர் எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பெரியவர் இப்போது செம்பூரில் புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு சின்னக் கம்பெனிக்குப் பொறுப்பாளர். அவர் கக்கத்தில் பழைய வேட்டியில் சுற்றிய நீளமான சாமான் ஒன்று இருந்தது.

பிரித்தால் துப்பாக்கிக் குழல். வாய்ப்பக்கமாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டுக் குச்சியால் இடித்துக் கெட்டிக்கிற அந்தக் காலத்துத் துப்பாக்கி. ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை அவருடைய அப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்ததாம். லைசென்ஸ் எல்லாம் இருந்தது. முட்டைகூடத் தொடாத வீட்டில் துப்பாக்கி எதற்கு என்று நான் திரைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டேன். அதைவிடச் சிரிப்பு, அதை அந்த வீட்டுப் பெண்கள் வெண்கலப் பானை துலக்குகிற மாதிரி வருஷா வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, தண்ணீர் விட்டு அலம்பி வைத்திருந்தார்கள். வெளியே தங்கமாக மின்னியது. உள்ளே துரு தின்றுவிட்டது. குழலுக்குள் குண்டைச் சுழற்றி அனுப்புவதற்கு முறுக்கு முறுக்காக ஏழு வரி வெட்டியிருப்பார்கள். அந்த வரிகள் பாதி மழுங்கியிருந்தன, பாதி துருவில் அடைந்துகிடந்தன. அதை மறுபடியும் சுடுகிற மாதிரி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்றார் பெரியவர். அப்படிக் கொடுத்தால் செம்பூர் கம்பெனியில் டூல் ரூமில் நிரந்தர வேலை. மானேஜரிடம் சொல்லியாகிவிட்டது, வேலையைக் காட்டினால் போதும் என்றார்.

நிரந்தர வேலை என்றால் சோறு மட்டும் இல்லை எங்களுக்கு. அந்தச் சந்திலிருந்தே போய்விடலாம். செம்பூரில் அப்போது ஆள் நடமாட்டமே குறைவு. யாரும் யாரையும் உற்றுப் பார்க்காத இடமாக ஒரு குடிசை பிடித்துக்கொண்டால், அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அந்த வண்டி எங்கள் வாசலுக்கு வராமல் இருக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் அந்த வேலை கையால் பார்க்கிற வேலை. கண்ணுக்கு அங்கே ஜோலி இல்லை. நீளமான இரும்புக் கம்பியின் நுனியில் வெட்டுப் போட்டு, நூல் சுற்றி, குழலுக்குள் விட்டு, குழலை நிமிர்த்தி வைஸில் இறுக்கி, உருக்கிய ஈயத்தை மேலேயிருந்து ஊற்ற வேண்டும். ஈயம் உள்ளே இருக்கிற வரிகளின் அச்சை அப்படியே வாங்கிக்கொண்டு கம்பியில் இறுகிவிடும். அந்த ஈயத்தின்மேல் எமரிப் பொடியையும் எண்ணெயையும் பூசி, குழலுக்குள் போக வர இழுத்தால் துருவும் மேடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எங்கே இறுக்கம், எங்கே தொளதொளப்பு என்று இழுக்கிறவன் கைக்குத்தான் தெரியும். இறுக்கமான இடத்தில் மட்டும் கூட நாலு இழுப்பு. அது தெரியாமல் இழுத்தால் குழல் பாழ்.

முதல் நாள் அவர் இழுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் திரையை விலக்கிக்கொண்டு போய்க் கம்பியைப் பிடித்தேன்.

“எங்க பிடிக்குன்னு நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்லுதேன்” என்றேன்.

அன்றிலிருந்து மத்தியானம் சாப்பாடு ஆனதும் கதவைச் சாத்திக்கொள்வோம். நான் இழுப்பேன். கம்பியின் கைப்பிடி வரிகளோடு சேர்ந்து தானாகவே சுற்றும், அதைத் தடுக்காமல் பிடிக்க வேண்டும். அவர் பக்கத்தில் சாக்பீஸோடு உட்கார்ந்திருப்பார். “நடுவுல, ஒரு சாண் தள்ளி இறுக்குது” என்று நான் சொன்னால் வெளியே குழல்மேல் கோடு போடுவார். எப்போது எமரி மாற்றுவது, எப்போது பழைய ஈயத்தைத் தட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது எல்லாம் அவர் மூளை. தொடுவது மட்டும் நான். என்னை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார். “மேஸ்திரி, சம்பளம் எவ்வளவு வேணும்?” என்பார். எனக்கு விரலெல்லாம் வெந்து கொப்புளமாயிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் வேலை செய்கிற இடத்தில் நான் உட்கார்ந்தது அப்போதுதான்.

ஈயம் ஊற்றுவதற்கு முன்னால் குழலைக் கரியடுப்பில் காட்டிச் சூடாக்க வேண்டும். குழல் குளிர்ந்திருந்தால் ஈயம் வரிக்குள் முழுசாக இறங்காது. அதற்கு அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளங்கையைக் குழலில் வைத்து மூன்று எண்ண வேண்டும். மூன்று வரை பொறுத்து, நாலில் எடுத்துவிடத் தோன்றினால் பதம். மூன்றுக்கு முன்னாலேயே சுட்டால் அதிகம், ஆறவிட வேண்டும். இந்த எண்ணிக்கையையும் நான்தான் எண்ணினேன். அவர் கையை அதன் பக்கத்தில் கொண்டுபோக நான் விட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது தடவை ஈயம் ஊற்றுவதற்காகக் குழலை அடுப்பில் வைத்திருந்தோம். கதவு தட்டுகிற சத்தம். பெரியவரின் குரல். நான் எழுந்து திரைக்குப் பின்னால் போய்விட்டேன். எங்கள் ஆட்களில் வேற்று ஆண் வந்தால் பெண் அங்கே நிற்கமாட்டாள், குரலும் வெளியே கேட்கக் கூடாது. யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, கால் தானாகவே போய்விடும்.

பெரியவர் குடையை மூலையில் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தட்டிப்போட்டிருந்த பழைய ஈயத்தை எடுத்து வரிகளின் அச்சைப் பார்த்தார். அவருக்கு ரொம்ப சந்தோஷம். செம்பூர் மானேஜர் அடுத்த மாதமே வரச் சொல்லிவிட்டார் என்றார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு வளர்ந்தது. குழல் அடுப்பிலேயே கிடந்தது. சாக்கின் ஓட்டை வழியாக நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நிறம் மாறவில்லை, ஆனால் மேலே காற்று ஆடியது. எடுத்துக் கீழே வையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். சட்டி மூடியை ஒரு தடவை தட்டினேன். தேத்தண்ணி தயாராகிறது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, இவர் திரும்பவே இல்லை.

“ஈயம் விடறதை நானும் பார்க்கிறேனே” என்றார் பெரியவர்.

இவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஈரச் சாக்கால் பிடித்துக் குழலை எடுத்து வைஸில் நிறுத்தினார். தொழில் தெரிந்த பெரியவர், சூடு பதம் எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டார். பழக்கத்தில் தெரியும் என்று சொல்லிவிட்டு இவர் ஊற்றியிருக்கலாம். ஆனால் கையில் கண் இருக்கிறது என்று சொன்ன மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இவர் கொஞ்சம் சிரித்தபடி வலது உள்ளங்கையைக் குழல்மேல் வைத்து, நிதானமாக எண்ணினார்.

“ஒண்ணு.”

எனக்கு இங்கே வாடை வந்துவிட்டது. குர்பானி நாளில் ஆட்டுத்தலை வாட்டுகிற வாடை.

“ரெண்டு.”

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

“மூணு.”

“கையை எடப்பா” என்றார் பெரியவர். “கையை எடு.”

எடுத்தபோது தோல் குழலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பெரியவர் அதைப் பார்த்தார். பிறகு இவருடைய முழங்கையைப் பார்த்தார். தடித்துப்போயிருந்த காது மடலைப் பார்த்தார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது வெளியே ஓடியிருக்கலாம். அதற்கு முன்னால், முதல் எண்ணிக்கைக்கு முன்னாலேயே ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். ஒரு ஐயர் என் முகத்தைப் பார்த்துவிட்டால் என்ன முழுகிப்போயிருக்கும்? ஒன்றும் இல்லை. இதை எழுதுகிற இந்த நிமிஷத்திலும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

பெரியவர் கத்தவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். “டாக்டர்கிட்டே காட்டு. நாழி பண்ணாதே” என்றார். திரும்பாமலே வாசல்வரை பின்னால் நகர்ந்து, குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப்போனார்.

நான் தண்ணீரோடு வெளியே வந்தேன். இவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூடு கூடிப்போச்சோ?” என்று என்னிடம் கேட்டார்.

நாலாம் நாள் முனிசிபாலிட்டி ஆள் வந்தார். யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியவராக இருக்கலாம். கைக்கட்டைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கலாம். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நாங்கள் பயந்துகொண்டே இருந்த அந்த வண்டி சந்து முனையில் நின்றது. இவர் ஒரு சட்டையும் ஒரு கைலியும் எடுத்துக்கொண்டார். வாசல்படியில் நின்று, இன்னும் இரண்டு தடவை ஈயம் ஊற்ற வேண்டும், மருந்து கிடக்கிற அடிப்பக்கத்தில் இறுக்கம் பாக்கி இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். சந்தே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. என் வீட்டு அடுப்பை யாரும் உடைக்க வரவில்லை. அவர்கள் வருவதற்கு முன்னாலேயே, குழலைச் சூடு பண்ணுகிற கரியடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, சோறு பொங்குகிறதை நானே உடைத்துப்போட்டேன்.

பிறகு வேலையை முடித்தேன். தனியாகத்தான். ஈயம் உருக்கினேன், மூன்று எண்ணினேன், ஊற்றினேன். அடிப்பக்கத்தில் அவர் சொன்ன இறுக்கம் அங்கேயே இருந்தது. இரண்டு நாள் அதில் மட்டும் மெனக்கெட்டேன். கடைசியில் கம்பி வாய்ப்பக்கத்திலிருந்து அடிவரைக்கும் ஒரே சீராகப் போய் வந்தது, எங்கேயும் தட்டவில்லை, எங்கேயும் வழுக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஏழு வரியும் முறுக்கிக்கொண்டு பளபளவென்று ஓடின. காட்டுவதற்கு ஆள் இல்லாமல் அழுதேன்.

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, குழலைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, மறந்துவிட்டுப் போன குடையையும் எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பெரியவர் இரண்டாவது மாடியில் வாசலுக்கு வந்தார். வாழ்க்கையில் நான் வேற்று ஆணிடம் பேசியது அன்றைக்குத்தான். குழல் முடிந்துவிட்டது, கண்ணை வைத்துப் பாருங்கள் என்றேன். இழுத்தது எல்லாம் நான், அவர் தொட்டது கொஞ்சம்தான், அதற்குப் பிறகு இரண்டு தடவை நெருப்பில் காட்டியாகிவிட்டது என்றேன். அவர் கையை நீட்டவில்லை.

“அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. ஆத்துல குழந்தைகள் இருக்கா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குழலை எங்கேயாவது போட்டுவிடச் சொன்னார், லைசென்ஸ் விஷயத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். குடையையும் வாங்கிக்கொள்ளவில்லை.

துப்பாக்கிக் குழலை எங்கள் வீட்டில் வைத்திருக்க முடியாது. ஊரில் கலவரம் நடந்துகொண்டிருந்த வருஷம். போலீஸ் வீடு புகுந்து கத்தி கம்பு எல்லாம் தேடியது. தனியாக இருக்கிற பொம்பளை வீட்டில் இது கிடைத்தால் என்ன சொல்லி நம்பவைப்பேன்? வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் போன நேரம், தோல் கழிவு கொட்டுகிற வழியாகக் கழிமுகத்துக்குப் போனேன். தண்ணீர் ஏறியிருந்தது. சாக்கோடு அப்படியே விட்டேன். ஒரு குமிழிகூட அதிகமாக வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வடாலாவில் அவரைப் பார்க்க விட்டார்கள். ஒரு கொட்டகையில் நீளமான மேஜை போட்டிருந்தது. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கைக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்திருந்த பொய்யை ஒப்பித்தேன். பெரியவர் வாங்கிக்கொண்டார், ரொம்ப சந்தோஷப்பட்டார், குணமாகி வந்ததும் வேலை இருக்கிறது என்று சொன்னார்.

அவர் நான் முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவரு வாங்கிருக்க மாட்டாரு” என்றார். “அத விடு. நீ முடிச்சியா?”

“முடிச்சேன்.”

“அடிப்பக்கம்?”

“சீரா இருக்கு மச்சான். எங்கயும் தட்டல.”

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஈரல்குலையில் கத்தியை விட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவர்கூட இருந்த காலத்திலேயே அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. “அப்ப நம்மகிட்டதான் இருக்கா?” என்று கேட்டார். ஆமாம், வீட்டில்தான் இருக்கிறது, பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வேன்? யாருக்கும் கொடுத்துவிடாதே என்றார்.

மூன்றரை வருஷம் அங்கே இருந்தார். விரல்கள் மடங்கிப்போயின, கடைசியில் கண்ணும் மங்கியது. நாலாவது மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச வருஷத்தில் அந்த வியாதிக்கு மாத்திரை வந்து, எத்தனையோ பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

ஞாயிறு தவறாமல் போனேன். போனால் என்னைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவர் அந்தக் குழலைப் பற்றித்தான் கேட்பார். அதற்காக நான் கோபப்பட்டதில்லை. பார்வை போன பிறகு, என் காலடிச் சத்தத்தை வைத்தே முகத்தைத் திருப்புவார்.

“மழை பிடிச்சிருச்சு ஏட்டி. துரு ஏறிரும். எண்ணெ போட்டியா?”

“போட்டேன் மச்சான்” என்பேன். “நேத்துதான் போட்டேன்.”